ஈரத்துக்குக் கழித்த பத்து

என் மனைவியின் வலது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது ஒரு திங்கட்கிழமை மாலை. அவளுக்குத் தெரிந்தது அதற்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன்பு, ஒரு புதன்கிழமை. இந்த இடைவெளியை நான் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பத்தொன்பது நாட்களுக்கும் என்னிடம் டயரி இருக்கிறது. எந்த நாள் மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த நாள் பஸ் பாதியில் நின்றது, எந்த நாள் கூரைத் தகரம் மாற்றினோம் என்பதெல்லாம் அதில் உண்டு. அவள் முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

"மலையில நனைஞ்சு வந்து சேலைய மாத்துறப்ப கையில பட்டுச்சு. கொட்டைப்பாக்கு மாதிரி" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எழுதிருவீங்க. எழுதிட்டா அது நெசமாயிரும்ல."

நான் முப்பத்திரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவன். முதலில் கொழுந்துச் சாக்கு தூக்கினேன், பிறகு கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை ஆனேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அவள் இன்னும் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளை நான் முதலில் அறிந்ததே தராசடியில்தான். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து நிறையில் ஏறும். அதனால் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியைத்தான் எழுத வேண்டும். அது மேலிடத்து உத்தரவு. எவ்வளவு ஈரம் என்பதை யாரும் அளப்பதில்லை. நிறுக்கிறவன் கண்ணால் பார்த்துக் கழிப்பான். கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "மழை விட்டு ரெண்டு மணி நேரமாச்சு. எந்த ஈரத்துக்குங்க கழிக்கிறீங்க, உங்க மீசையில இருக்கிற ஈரத்துக்கா?" பெண்கள் சிரித்த சிரிப்பு அடுத்த மலை வரைக்கும் கேட்டிருக்கும். நான் கழித்தது கழித்ததுதான். அந்த வாரமே மீசையை எடுத்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, ஊசியால் சதை எடுத்துப் பார்த்தது எல்லாம் முடிந்து, புற்றுநோய்தான் என்று சொன்னார்கள். சத்திரசிகிச்சை டொக்டரைப் பார்க்கப் போனது ஒரு புதன்கிழமை. எங்கள் தோட்டத்திலிருந்து இறம்பொடை வளைவுகளை இறங்கி, கொத்மலை நீர்த்தேக்கம் கண்ணுக்குத் தெரிந்து மறைந்த பிறகும் நெடுந்தூரம் போக வேண்டும் அந்த ஆஸ்பத்திரிக்கு. டொக்டர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் அதைத் தமிழில் சொன்னாள். எனக்குச் சிங்களம் தெரியும். இருந்தாலும் நர்ஸ் சொல்லும் வரை காத்திருந்தேன். ஒரே செய்தியை இரண்டு தடவை கேட்டால் இரண்டாவது தடவை கொஞ்சம் குறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

கட்டி பெரிதாக இருப்பதாலும், அது இருக்கும் இடத்தாலும், கட்டியை மட்டும் எடுப்பது சரிவராது, வலது மார்பை முழுவதும் எடுக்க வேண்டும், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும், காயம் ஆறியதும் கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்றார். என் மனைவி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு நேராக நர்ஸிடம் சொன்னாள்:

"மிஸ், ரெண்டையும் எடுத்துறச் சொல்லுங்க."

நர்ஸ் திரும்பிக் கேட்டாள். "ரெண்டையுமா? இடது பக்கம் ஒன்னும் இல்லியேம்மா."

"இன்னைக்கு இல்ல. எங்க மலையில ஒரு அக்கா இருந்தாங்க. ஒரு பக்கம் எடுத்தாங்க. ரெண்டு வருஷத்துல போய்ட்டாங்க. மத்ததையும் எடுத்திருந்தா இருந்திருப்பாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

அந்த அக்காவை எனக்கும் தெரியும். என் மனைவிக்கு அடுத்த தேயிலை நிரையில் பதினைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். அவர் இறந்த நாளன்று காலையில் பனி எப்படி இருந்தது என்றுகூட என் டயரியில் இருக்கிறது.

டொக்டர் பேனாவை எடுத்து ஒரு தாளில் உடம்பு ஒன்றை வரைந்தார். இந்த நோய் வழக்கமாக ஒரு மார்பிலிருந்து மற்ற மார்புக்குத் தாவிப் போய் ஆளைக் கொல்வதில்லை, போகிற இடம் எலும்பு, ஈரல், நுரையீரல் என்று ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்தார். மற்ற மார்பை எடுப்பதால் இந்தப் புள்ளிகள் எதுவும் அழியாது, அதைத் தடுக்கத்தான் மருந்து என்றார். பரம்பரையாக வருகிற வகை என்றால் பேச்சு வேறு, அப்போது இரண்டையும் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலும் தோண்டித் தோண்டிக் கேட்டார். யாருக்கும் இல்லை.

பிறகு ஆபத்துகளைச் சொன்னார். ஒரு பக்கம் எடுத்தாலே இரத்தம் போகலாம், காயம் சீழ் பிடிக்கலாம், தையல் ஓரத்துத் தோல் கறுத்துச் செத்துப் போகலாம், உள்ளே நீர் கட்டலாம், கை விறைக்கலாம், பின்னால் கை வீங்கவும் கூடும். இரண்டு பக்கமும் எடுத்தால் இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம். மயக்கத்தில் கிடக்கும் நேரமும் கூடும். "இவங்களுக்கு ரத்தத்துல சீனி கூடுற வருத்தமும் இருக்கு. ரெண்டு காயத்துல ஒன்னு ஆற லேட்டானாலும் கீமோ தள்ளிப் போகும். உயிரைக் காப்பாத்துறது அந்த மருந்து. நோய் இல்லாத பக்கத்துக் காயத்துக்காக அதைத் தள்ளிப் போடுறதா?" என்று நர்ஸ் மொழிபெயர்த்தாள். கடைசியில் டொக்டரே, தனக்குத் தெரிந்த தமிழில், என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "உங்க உடம்பு. உங்க முடிவு. அடுத்த புதன் சொல்லுங்க."

ஏழு நாள். அந்த ஏழு நாளில் நான் வாசித்ததைப் போல என் வாழ்நாளில் எந்த வாரமும் வாசித்ததில்லை. மகள் போனில் அனுப்பிய கட்டுரைகள், நூலகத்தில் கிடைத்த மருத்துவ நூல், பத்திரிகைகளில் வெட்டி வைத்திருந்த பக்கங்கள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'ஒன்று', வலப்பக்கம் 'இரண்டு' என்று தலைப்பிட்டு, அந்தந்த ஆபத்துகளை எழுதினேன். இரண்டாவது பத்தி நீண்டுகொண்டே போய்த் தாளின் பின்பக்கமும் நிறைந்தது. அதை அவளிடம் காட்டியபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இதுல பயம்னு ஒரு வரி இருக்கா?"

"எந்தப் பயம்?"

"மிச்சம் இருக்கிறத தினமும் குளிக்கிறப்ப தடவித் தடவிப் பாக்கணுமே, அந்தப் பயம். அது ஒன்னுங்குற பக்கத்துல வரணும். எழுதுங்க."

எழுதினேன். அதை எப்படி நிறுப்பது என்று தெரியவில்லை. எனக்கு இருந்த பயம் அதற்கு நேர்மாறானது. சத்திரசிகிச்சை மேசையிலேயே அவள் போய்விடுவாள் என்ற பயம். மேசையில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் எனக்குக் கூடுதலான நிமிடமாகத் தெரிந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் எனக்காகத் தன் முடிவை மாற்றுவாள், அல்லது எனக்காகவே மாற்றாமல் இருப்பாள். இரண்டும் நடக்கக் கூடியதுதான்.

சனிக்கிழமை மகள் ஹட்டனிலிருந்து வந்தாள். அங்கே பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளும் அவள் அம்மாவும் காலையிலிருந்து வாதாடினார்கள். மகள் ஒன்றே போதும் என்றாள். அம்மா பிடிகொடுக்கவில்லை. பத்து மணி போல மகள் கடைசியாக ஒன்று சொன்னாள்:

"டொக்டர் சொன்னாங்கல்ல, ரெண்டு பக்கமும் காயம்னா கொஞ்ச நாளைக்கு ரெண்டு கையையும் தோளுக்கு மேல தூக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாதுன்னு. எப்படிம்மா இருப்ப?"

"ஏன், இருக்க மாட்டேனா?"

"இருந்து காட்டு பாப்போம்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். என் மனைவி எழுந்து போய், மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும் கயிற்றை எடுத்து வந்தாள். "இந்தா, வலது கையை மொதல்ல கட்டு" என்று மகளிடம் நீட்டினாள். முழங்கை விலாவோடு ஒட்டி நிற்கும்படி மகள் கட்டினாள். விரல்கள் அசைந்தன, கை எழவில்லை. அப்படியே அவள் அடுப்பு மூட்டினாள், தேத்தண்ணி ஊற்றினாள், தலை சீவினாள். கொண்டை கோணலாக வந்தது. "பரவால்ல, அழகாத்தான் இருக்க" என்று மகள் கேலி செய்தாள். வீட்டின் பின்னால் கழிவறைக்குப் பதினான்கு படி இறங்க வேண்டும், ஒரு பக்கம் இரும்புக் குழாய் பிடி உண்டு. இடது கையால் அதைப் பிடித்து இறங்கி ஏறினாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"இப்ப ரெண்டையும் கட்டு."

இரண்டையும் கட்டினோம். அவள் கதவைத் தோளால் தள்ளினாள், திறக்கவில்லை. நான் திறந்துவிடப் போனபோது, "நீங்க தள்ளி நில்லுங்க, நானே" என்றாள். தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கப் பார்த்தாள், எழவில்லை. பின்வாசலுக்குப் போய் முதல் படியில் ஒரு காலை வைத்தாள். பிடிக்கும் குழாய் அவள் தோள் உயரத்தில் இருந்தது. கை அங்கே போகாது. அங்கேயே நின்றாள். தூறல் அவள் முகத்தில் விழுந்தது, துடைக்கவும் முடியவில்லை. நான் போய்த் துடைத்தேன்.

"அவுத்து விடுங்க" என்றாள். மகள் கயிற்றை அவிழ்த்தாள்.

புதன்கிழமை டொக்டரிடம் அவளே சொன்னாள்: "ஒன்னு போதும். ஒரு கையாவது எனக்கு வேணும்." பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். இடது பக்கத்தை ஒவ்வொரு வருடமும் படமெடுத்துப் பார்க்க வேண்டும், பயம் தாங்க முடியாமல் போனால் பிறகு எடுத்துத் தர வேண்டும். டொக்டர் ஒப்புக்கொண்டார். முதல் காயம் ஆறி, மருந்தெல்லாம் முடிந்த பிறகு அதைப் பேசுவதில் தவறே இல்லை என்றார்.

சத்திரசிகிச்சை ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டு ஐம்பதுக்கு உள்ளே கொண்டு போனார்கள். பதினொன்று இருபதுக்கு வெளியே கொண்டு வந்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் நான் தண்ணீர் குடிக்கவில்லை. கண் விழித்ததும் அவள் இடது கையால் இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலது பக்கத்தைத் தொடவில்லை.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காயத்தின் உள்ளே ஊறும் நீர் வெளியேற, விலாப் பக்கம் ஒரு மெல்லிய குழாய் விட்டு அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் வைத்திருந்தார்கள். மகள் அதற்குத் துணிப்பை ஒன்று தைத்துக் கொடுத்தாள், தோளில் மாட்டிக்கொள்ளும்படி. வேனில் இறம்பொடை வளைவுகள் ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் தலையணையை அக்குளில் அழுத்திக்கொண்டாள். நான் போத்தலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நர்ஸ் எனக்குக் கற்றுத் தந்தது எளிய வேலை. தினமும் காலை ஒரே நேரத்தில் போத்தலை அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, எத்தனை மில்லி என்று பார்த்து, அவர்கள் தந்த தாளில் எழுத வேண்டும். கிண்ணத்தைக் கொதித்தாறிய தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் முப்பது மில்லிக்குக் கீழே வந்தால் குழாயை எடுத்துவிடலாம். "ஐயா எழுதுறதுல கெட்டிக்காரர்னு சொன்னாங்க. அப்ப கவலையில்ல" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் என் கொப்பியில் விவரமாக எழுதி, பிறகு அந்தத் தாளில் அழகாகப் பிரதி செய்தேன். காலை ஆறரை மணி. நீரின் நிறம் சிவப்பா, ரோஜா நிறமா, வைக்கோல் நிறமா. அளவு. காய்ச்சல் உண்டா. சீனி எவ்வளவு. எண்கள் இறங்கி வந்தன. அவை இறங்க இறங்க எனக்கு மூச்சு வந்தது. முப்பது என்பது என் மனதில் ஒரு ஊரின் பெயர்ப்பலகை போல நின்றது. அந்த ஊரைத் தாண்டினால் காயம் ஆறும், காயம் ஆறினால் மருந்து, மருந்து ஏறினால் அவள் இருப்பாள். வீடு திரும்பிய எட்டாம் நாள் இருபத்தொன்பது. ஒன்பதாம் நாள் இருபத்தேழு. பத்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, தாளைக் காட்டினோம், குழாயை எடுத்தார்கள். அன்று அவள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள் என்று எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில், "இங்க கொஞ்சம் பாருங்க" என்றாள். தழும்புக்குக் கீழே, அக்குள் பக்கமாக, தோல் உப்பியிருந்தது. விரலால் தொட்டால் உள்ளே தண்ணீர் அசைவது தெரிந்தது. சனிக்கிழமை அது உள்ளங்கை அகலம். ஞாயிறு அதைவிடக் கூடுதல். தையல் ஓரம் சிவந்திருந்ததா, விளக்கு வெளிச்சத்தில் அப்படித் தெரிந்ததா என்று மகளும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். காய்ச்சல்மானியை ஒரு நாளில் பதினோரு தடவை வைத்தேன். கடைசியில் அவள் அதை வாயிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். "உங்களுக்கு வச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் கூடியிருக்கு."

திங்கட்கிழமை காலையில் டொக்டர் பார்த்தார். தாளை எடுத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். குழாய் எடுத்த பிறகு கொஞ்சம் நீர் கட்டுவது பலருக்கும் வரும், ஆனால் இவ்வளவு இறங்கிய பிறகு இவ்வளவு வேகமாக நிறைவது தனக்கு விளங்கவில்லை என்றார். "வேறு ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். நான் சந்தோஷமாகக் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை நர்ஸிடம் தந்தார். நர்ஸ் விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஐயா, எல்லா நாளும் பக்கத்துல 'க பத்து'ன்னு இருக்கே, அது என்ன?"

"கழிவு" என்றேன்.

"எதுக்குக் கழிவு?"

வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்லத் தொடங்கும்போதே அது என்னவென்று முதல் தடவையாக எனக்குக் கேட்டது.

"நுரைக்கு அஞ்சு. கிண்ணத்து ஈரத்துக்கு அஞ்சு."

எங்கள் வீட்டில் அந்த மாதம் எதுவும் காயவில்லை. பனியும் மழையுமாக, கழுவிக் கவிழ்த்த கிண்ணத்தின் உள்ளே எப்போதும் துளிகள் ஒட்டியிருந்தன. முதல் நாளே அதைப் பார்த்தேன். நுரையையும் பார்த்தேன். பார்த்த பார்வையிலேயே பத்தைக் கழித்து மீதியை எழுதினேன், கழித்ததை ஓரத்தில் குறித்தேன். தாளில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, அதனால் மீதியை மட்டும் பிரதி செய்தேன். கையின் வேலை அது. கிண்ணத்தில் ஒட்டியிருந்த ஈரம் அரை மில்லிகூட இருந்திருக்காது. முப்பத்தொன்பதை இருபத்தொன்பதாக்கினேன். முப்பத்தேழை இருபத்தேழாக்கினேன். கை மட்டுந்தான் செய்தது என்று இப்போது எழுதினாலும் பொய். எண் இறங்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத் தெரியும். நுரை அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்கு அதுவும் காரணம்.

நர்ஸ் டொக்டரிடம் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சரியான எண் தெரிந்திருந்தால் இன்னும் சில நாள் குழாயை விட்டிருப்பேன். அப்படி விட்டிருந்தாலும் நீர் கட்டியிருக்கலாம். அதை யாராலும் சொல்ல முடியாது" என்றார். நர்ஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்காக விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் கட்டிலில் சட்டைப் பித்தானைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

"முப்பது வருஷமா என் கொழுந்துல கழிச்சீங்க" என்றாள். "இப்ப என் ஒடம்புத் தண்ணியிலயும் கழிச்சிட்டீங்களா?"

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. என்ன என்று டொக்டர் கேட்க, நர்ஸ் தராசைப் பற்றியும் சாக்கைப் பற்றியும் சிங்களத்தில் விளக்க, அப்போதுதான் டொக்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.  நீரை எடுக்க ஊசி குத்தும்போது என் மனைவி என் கையைப் பிடிக்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று ஊசியால் உறிஞ்சி எடுத்தது நூற்று எண்பது மில்லி. கீமோ தொடங்க வேண்டிய நாளைத் தள்ளிப் போட்டார்கள். எவ்வளவு என்று சொல்லவில்லை. "காயம் சொல்லும்" என்றார்கள். டொக்டர் முதல் நாள் சொன்ன வாக்கியம், ஒரு காயம் ஆற லேட்டானாலும் மருந்து தள்ளிப் போகும் என்பது, அதே குரலில் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் எடுத்திருந்தால் இரண்டு போத்தல். இரண்டிலும் பத்துப் பத்தாகக் கழித்திருப்பேன். நான் இரண்டுக்கும் கோடு போட்டு எழுதிய அந்தத் தாளில், எந்தப் பத்தியிலும், அளக்கிறவனால் வரும் ஆபத்து என்று ஒரு வரி இல்லை.

வேனில் திரும்பி வந்தோம். நீர்த்தேக்கம் தெரியும் இடத்தில், "தண்ணி எறங்கியிருக்கு" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். என் அளவுக்கு அது நிறைந்துதான் இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த தடவை ஊசியால் நீர் எடுக்கப் போனபோது வீட்டிலிருந்து கிளம்பும் முன்னே அவள் கொப்பியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கிளினிக்கில் ஊசிக் குழாயின் கோட்டைத் தானே பார்த்து, தானே எண்ணைச் சொன்னாள். "நூத்திப் பத்து. எழுதுங்க. ஓரத்துல ஒன்னும் எழுத வேணாம்." அதற்கடுத்த தடவை எழுபது. பிறகு முப்பத்தைந்து. அந்த வாரம் தையல் ஓரத்தில் ஒரு நெல்லளவு இடம் கறுத்தது. அது பரவுமோ என்று ஆறு நாள் பார்த்தோம், ஏழாம் நாள் பொருக்காகி உதிர்ந்தது. முப்பத்தைந்துக்குப் பிறகு போனபோது டொக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ஊசி வேண்டாம் என்றார். என் மனைவி, "அப்ப என்ன எழுதுறது?" என்று கேட்டாள். "சைபர்" என்றாள் நர்ஸ்.

"இவர்ட்டயா சொல்றீங்க மிஸ்? அதுலயும் பத்துக் கழிப்பார்."

கீமோவுக்கு நாள் கொடுத்தார்கள். முதலில் குறித்த நாளிலிருந்து இருபத்திரண்டு நாள் பிந்தி. இந்த இருபத்திரண்டு நாட்களும் அவளுக்கு ஏதாவது கெடுதல் செய்தனவா, இல்லையா என்று டொக்டரைக் கேட்டேன். சில வாரத் தாமதம் வழக்கத்தில் உள்ளதுதான், இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். எல்லோரையும் தேற்றுவதற்கு அவர் பயன்படுத்தும் குரல் எது என்று எனக்குத் தெரியும். அது அந்தக் குரல் இல்லை என்று நம்புகிறேன்.

முதல் மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள் மாலை, அவள் இடது கையால் கொப்பியை என் முன்னால் வைத்தாள்.

"அந்தப் பழைய பக்கத்தைச் சரி பண்ணுங்க."

"கிழிச்சிரவா?"

"கிழிக்காதீங்க. சரியான எண்ணை எழுதுங்க. வேற டொக்டர் யாராச்சும் பாக்குறப்ப ஏமாறக் கூடாது."

ஒவ்வொரு நாளின் எண்ணுக்குப் பக்கத்திலும் பத்தைக் கூட்டி எழுதினேன். பழைய எண்ணை அடிக்கவில்லை. அது இருக்க வேண்டும் என்று பட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். இருபத்தொன்பதின் பக்கத்தில் முப்பத்தொன்பது வந்ததும், "இந்த நாள்தான் நீங்க ரொம்பச் சந்தோஷமா இருந்தீங்க" என்றாள்.

கடைசிப் பக்கத்தில் இடது மார்பைப் படமெடுக்க வேண்டிய நாளைக் குறித்திருக்கிறோம். அடுத்த ஆடி, இரண்டாவது வியாழன். அந்த வரி மட்டும் அவள் கையெழுத்து. வலது கையை முதல் தடவையாக மேசை வரை தூக்கி எழுதியது, அதனால் எழுத்துகள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. நான் அதைத் திருத்தவில்லை.